ஆறாப் புண்ணும் அருந்தேனும்

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயம் தேனீயின் பெயரால் வழங்குவது. அதன் 69ஆம் வசனம், தேனில் மாந்தர்க்கு நிவாரணம் இருப்பதை அறிவிக்கின்றது. இவ்வசனத்தின் பொருளை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. தேன் இல்லாத அடுக்களையும் நம்மிடையே அரிது. இருமலுக்குத் தேன், வயிற்றுக் கோளாறுக்குத் தேன், தீப்பட்ட காயத்திற்குத் தேன் என்று நம் மூதாட்டியர் கையாண்ட முறைகள் பல.

அத்தகைய தேனை, காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் ஒருவகைப் புண்ணின்மீது இட்டு, அது பயன் தருகின்றதா என நியூசிலாந்து நாட்டில் முறைப்படி சோதித்தார்கள். அதன் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தேன் வென்றது என்று அம்முடிவு கூறவில்லை. இதைக் கேள்வியுற்றோரில் சிலர் வருந்துகின்றனர். சிலர் சினந்து, இறைவன் கூறிவிட்ட ஒன்றை மனிதன் சோதிக்கலாமா என வினவுகின்றனர். வேறு சிலர், வேதவாக்கு பிழைத்தது என்று நகைக்கவும் துணிகின்றனர். இம்மூவகையினருமே, அங்குச் சோதிக்கப்பட்டது எது என்பதை நின்று நோக்கவில்லை. அதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புண்ணின் இயல்பு

முதலில் அப்புண் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். இதயத்திலிருந்து காலுக்கு இறங்கிய இரத்தம், சிரைகள் என்னும் குழாய்களின் வழியே மீண்டும் மேலேறியாக வேண்டும். பாரம் கீழ்நோக்கி இழுக்க, இரத்தம் மேல்நோக்கிச் செல்வது எங்ஙனம்? நாம் நடக்கும்போதெல்லாம் கெண்டைக்காலின் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன; இரத்தம் மேலே தள்ளப்படுகின்றது. தள்ளப்பட்ட இரத்தம் மீண்டும் கீழிறங்காதவாறு, சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகளைப் போன்ற வால்வுகள் அமைந்துள்ளன. படைத்தவனின் கைவண்ணம் இது.

அக்கதவுகள் பழுதுற்றால் இரத்தம் கீழே தேங்குகின்றது. கணுக்காலருகே சிரைகளில் அழுத்தம் ஏறி நிற்கின்றது. கால் வீங்கும், தோல் கறுக்கும், தடிக்கும், அரிக்கும். பிறகு ஒரு சிறு கீறல் போதும், அது புண்ணாகிவிடும். பெரும்பாலும் கணுக்காலின் உட்புறத்தில் தோன்றும் அப்புண் மாதங்கள் கடந்தும் ஆறுவதில்லை. ஆறினாலும் மீண்டும் திறந்துகொள்ளும். முதியோரையும், நாளெல்லாம் நின்று உழைப்போரையும், பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரையும் இந்நோய் மிகுதியாகப் பற்றுகின்றது. "நரம்பு சுருட்டல்" என்று நம் மக்கள் குறிப்பிடுவது, இதே சிரைகள் புடைத்துச் சுருண்டு நிற்பதைத்தான்.

இதனால் ஓர் உண்மை விளங்கும். புண் தோலில் தெரிகின்றது. ஆனால் நோய் தோலில் இல்லை. அதன் வேர் உள்ளே, சிரையின் அழுத்தத்தில் இருக்கின்றது. இவ்வுண்மையை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரும் செய்தி அனைத்தும் இதனைச் சார்ந்தே நிற்கின்றது.

மருந்தும் கட்டும்

காலில் புண் உடையோர் நிற்பது நன்றன்று என்பதைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களே கூறியுள்ளன. எனினும் காரணம் அக்காலத்தில் அறியப்படவில்லை. உடலின் கெட்ட நீர், கறும்பித்தம், காலுக்கு இறங்கிப் புண் வழியே வெளியேறுகின்றது. எனவே அவ்வாயிலை அடைப்பது ஆபத்து என்னும் கருத்து பல நூற்றாண்டுகள் கோலோச்சியது. ஆற்ற வேண்டிய புண்ணை ஆற்றாமலே விட்டுவைத்ததும் உண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் போர்க்கைதியாகச் சிக்கினார். தம்மைச் சிறைப்படுத்திய பிரபு ஒருவரின் ஆறாத காற்புண்ணுக்கு அவர் மருத்துவம் செய்தார். பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை துணியைச் சுற்றிக் கட்டியது அம்மருத்துவத்தின் முக்கியப் பகுதி. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன், நாடாவால் இறுக்கிக் கட்டும் காலுறை ஒன்றைக் கையாண்டார். 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கிய பின்னரே, இக்கட்டுகள் ஏன் பயன் தந்தன என்பதற்குக் காரணம் காணும் வழி பிறந்தது. வெளியிலிருந்து அழுத்தும் கட்டு, பழுதுற்ற சிரையைச் சுருக்கி, தேங்கிய இரத்தத்தை மேலேறச் செய்கின்றது.

இலண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனையினர் நான்கு அடுக்குகளாகச் சுற்றும் கட்டு ஒன்றை வகுத்து, அதன் பயனை 1988ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கணுக்காலில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் தரும் கட்டு அது. பழைய முறைகளால் ஆறாத புண்கொண்ட 148 கால்களில் 110 கால்கள் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஆறின. விலையுயர்ந்த களிம்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

எனினும் மனிதர் மனம் கட்டைவிட மருந்தையே நாடுகின்றது. புண்ணைக் கண்டால் அதன்மேல் எதையேனும் இடவேண்டும் என்று கை துடிக்கின்றது. துத்தநாகம், வெள்ளி, அயோடின், இலைச்சாறு என இடப்பட்டவை எண்ணில. அவ்வரிசையில் தொன்மையானது தேன். ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்றிலேயே காயத்திற்குக் கொழுப்பும் தேனும் பஞ்சும் இடும் முறை காணப்படுகின்றது.

சோதனை என்னும் அமானிதம்

ஒரு மருந்து பயன் தந்தது என்று எப்போது கூறலாம்? மருந்திட்டோம், நோய் நீங்கியது, ஆதலால் மருந்தே நீக்கியது என்பது பாமரர் வாதம். மருந்திடாதிருந்தாலும் அந்நோய் நீங்கியிருக்குமோ என்னும் கேள்விக்கு அதில் விடையில்லை.

இக்கேள்வியைக் கேட்டவர்களுள் முன்னோடி ஒருவர் நம் வரலாற்றில் நிற்கின்றார். பாக்தாத் மருத்துவமனையின் தலைவராய் விளங்கிய அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (865–925), ஸிர்ஸாம் என்னும் மூளைக் காய்ச்சலின் அறிகுறி தோன்றியோரில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை செய்தார். மற்றொரு சாராரை, முடிவு காணும் பொருட்டு, வேண்டுமென்றே அச்சிகிச்சை இன்றி விட்டுவைத்தார். இச்செய்தி அவருடைய அல்-ஹாவீ என்னும் பெருநூலில் பதிவாகியுள்ளது. இரத்தம் வெளியேற்றுவது நன்று என அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாரார் வேண்டும் என்னும் அவருடைய கருத்து நிலைத்துவிட்டது.

இப்னு ஸீனா (980–1037) தம் அல்-கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு விதிகளை வகுத்தார். மருந்து கலப்பற்றதாய் இருத்தல், பல நோய்கள் பின்னிய நோயாளியிடம் சோதிக்காமல் தனி நோயில் சோதித்தல், விளைவு தோன்றும் காலத்தைக் கவனித்தல், அவ்விளைவு மீண்டும் மீண்டும் தோன்றுகின்றதா எனப் பார்த்தல், விலங்கின் உடலில் கண்டதோடு நில்லாமல் மனித உடலிலேயே காணுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். தற்செயலை மருந்தின் பலன் என மயங்காதிருக்க வகுத்த வேலிகள் இவை.

1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்தளித்து ஒப்பிட்டார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டோர் தேறினர். ஆனால் யாருக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்தால், அவர் அறியாமலே நலிந்தோர் ஒரு பக்கமும் தேறக்கூடியோர் மறுபக்கமும் சேர்ந்துவிடக்கூடும். இதற்குக் கண்ட வழி குலுக்கல். பிரிட்டனில் 1948ஆம் ஆண்டு வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை இவ்வழியால் புகழ்பெற்றது. காச நோயாளர் 107 பேரில், குலுக்கலில் மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் மாண்டவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் மாண்டவர் 14 பேர்.

குலுக்கல் நமக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, துணைவியருள் எவரை உடனழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானித்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. இதனை ஃபிக்ஹு நூல்கள் "குர்ஆ" என்னும் பெயரால் பேசுகின்றன. பங்கீட்டில் ஒருதலைச் சாய்வு என்னும் ஐயம் எழாதிருக்கவே அது வகுக்கப்பட்டது. மருத்துவச் சோதனையில் குலுக்கல் செய்யும் பணியும் அதுவே.

நியூசிலாந்தில் நடந்தது

நியூசிலாந்தில் மனுக்கா என்னும் புதரின் பூக்களிலிருந்து தேனீக்கள் திரட்டும் தேன் பெயர்பெற்றது. அந்நாட்டு வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பீட்டர் மோலன் (1943–2015), 1980களிலிருந்து அத்தேனின் கிருமி கொல்லும் ஆற்றலை ஆராய்ந்தார். தேனின் செறிந்த சருக்கரை கிருமிகளிடமிருந்து நீரை உறிஞ்சுகின்றது. தேனீயிடமிருந்து வரும் ஒரு நொதி, தேன் நீர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றது. மனுக்காத் தேனில் இவற்றுக்கும் மேலாக மெத்தில்கிளையாக்சல் என்னும் பொருள் மிகுந்திருப்பதை 2008ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எனவே, ஆறாத காற்புண்ணைத் தேன் விரைந்து ஆற்றும் என எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஜல் என்பவரும் குழுவினரும் அவ்வெதிர்பார்ப்பைத் துலாக்கோலில் இட்டனர். சிரைப்புண் உடைய 368 பேர் சோதனைக்கு இசைந்தனர். குலுக்கலில் 187 பேருக்கு மனுக்காத் தேன் தோய்த்த அல்ஜினேட் என்னும் கடற்பாசி நாரும், 181 பேருக்கு வழக்கமான மருந்துத் துணிகளும் அமைந்தன. ஒன்றை இங்கு மறவாதிருத்தல் வேண்டும்: இரு சாராருக்கும் அழுத்தக் கட்டு போடப்பட்டது. கட்டின் பயன் முன்னரே நிலைநாட்டப்பட்டிருந்ததால், அதை எவருக்கும் மறுப்பது அறமன்று. கட்டோடு தேனும் சேர்ந்தால் கூடுதல் பயன் உண்டா என்பது ஒன்றே கேள்வி.

பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் கணக்கெடுத்தனர். தேன் இட்டோரில் 104 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 55.6 பேருக்குப் புண் ஆறியிருந்தது. மற்றவரில் 90 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 49.7 பேருக்கு ஆறியிருந்தது. தேன் சற்று மேலோங்கியதாகவே தோன்றும். ஆனால் இத்தனை பேரிடம் இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் தோன்றக்கூடும் எனக் கணக்கு காட்டியது. தேனால் நூற்றுக்கு 15 பேர் வரை கூடுதலாகப் பயன் பெறவும் இடமுண்டு. நூற்றுக்கு நான்கு பேர் வரை நட்டம் அடையவும் இடமுண்டு என்னும் அளவில் தீர்ப்பு நின்றது. வலி முதலிய தொல்லைகளைத் தெரிவித்தோர் தேன் இட்டவரிடையே மிகுந்திருந்தனர். ஆகவே இப்புண்ணுக்குக் கட்டோடு தேனையும் வழக்கமாகச் சேர்க்கலாம் என்று கூற ஆய்வாளர்களால் இயலவில்லை.

அயர்லாந்தில் நடந்து 2009ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சோதனையில் 108 பேர் பங்குபெற்றனர். அழுகிய திசு படிந்த சிரைப்புண்களில் தேனையும் ஒருவகைக் கூழ்மருந்தையும் அது ஒப்பிட்டது. பன்னிரண்டு வாரங்களில் தேன் இட்டோரில் நூற்றுக்கு 44 பேருக்கும், கூழ்மருந்து இட்டோரில் நூற்றுக்கு 33 பேருக்கும் ஆறிற்று. இவற்றையும் பிற சோதனைகளையும் சேர்த்து, 2015ஆம் ஆண்டில் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பினர் சீர்தூக்கினர். மேலோட்டமான தீப்புண்ணிலும், அறுவைக்குப் பின் சீழ்கொண்ட காயத்திலும் தேன் நற்பயன் தருவதாகத் தெரிகின்றது. சிரைப்புண்ணில் அப்படித் தெளிவான பயன் தெரியவில்லை என்பது அவர்கள் கண்ட சாரம்.

காரணத்தை உய்த்துணர்வது கடினமன்று. தீப்புண்ணின் துன்பம் தோலில் இருக்கின்றது. அங்குத் தேன் சென்று தொடுகின்றது. சிரைப்புண்ணின் வேரோ உள்ளே அழுத்தத்தில் இருக்கின்றது. அங்குத் தேன் எட்டுவதில்லை, கட்டு எட்டுகின்றது. பிரிட்டனில் 450 பேரிடம் நடத்தி 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையும் இதற்குச் சான்று. கட்டோடு, பழுதுற்ற சிரையையும் தாமதமின்றி அடைத்துவிட்டவருக்குப் புண் 56 நாட்களில் ஆறியது. அடைப்பதை ஒத்திப்போட்டவருக்கு 82 நாட்கள் ஆயின. இவை நடுவளவுக் கணக்கு.

ஒரு சொல்லின் நுட்பம்

இனித் திருமறைக்கு வருவோம். வசனத்தில் உள்ள "ஷிஃபா" என்னும் சொல், அரபி இலக்கணப்படி நகிராவாக, அதாவது "அல்" என்னும் குறிப்புச் சொல் சேராமல் வந்துள்ளது. இதனை விரிவுரையாளர்கள் கவனியாமல் விடவில்லை. குறிப்புச் சொல் சேர்ந்து "அஷ்-ஷிஃபா" என வந்திருப்பின் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து எனப் பொருள்படும். அவ்வாறு வராமையால், ஏற்ற நோய்க்கு ஏற்ற நிவாரணம் அதில் உண்டு என்பதே பொருள் என்னும் விளக்கத்தை இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் எடுத்துரைக்கின்றார்கள். எல்லா நோய்க்கும் பொதுவாகவே கொண்ட அறிஞரும் உண்டு. அக்கருத்துவேற்றுமையைக் குர்துபீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். பதினான்காம் நூற்றாண்டுக்கு முன்பே இவ்விவாதம் நம் மத்ரஸாக்களில் நிகழ்ந்திருக்கின்றது. நியூசிலாந்துச் சோதனைக்கு அஞ்சி இன்று எவரும் புனைந்த விளக்கமன்று இது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியும் இதையே உணர்த்துகின்றது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்பதோடு அது நிற்கவில்லை. நோய்க்குரிய மருந்து பொருந்தும்போது இறைவன் அனுமதியால் குணம் உண்டாகின்றது என மொழிகின்றது. பொருத்தம் என்பது அங்கு நிபந்தனை. எது எதற்குப் பொருந்தும் என்பதைத் தேடும் பொறுப்பு மனிதன்மீது விடப்பட்டுள்ளது. அத்தேடலின் ஒழுங்கான பெயரே சோதனை.

நபிமொழிகளைத் திரட்டிய இமாம்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நேர்மையையும் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அது நபியவர்களின் சொல்மீது கொண்ட ஐயமா? அன்று, நபியவர்கள் சொல்லாததை அவர்கள்மீது ஏற்றிவிடக் கூடாதே என்னும் அச்சம். தேனைச் சோதிப்பதையும் அவ்வாறே கருதுதல் வேண்டும். துலாக்கோலில் வைக்கப்பட்டது இறைவாக்கு அன்று; "இந்தப் புண்ணையும் இது ஆற்றும்" என்று நாம் அதன்மேல் ஏற்றிய நம் சொல்லே. பிழைத்தது அந்தச் சொல்தான்.

வீட்டிற்கு வரும் பாடம்

இது எனக்கு ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. என் தாயாரின் இடது கணுக்காலில் இத்தகைய புண் ஆறு ஆண்டுகள் இருந்தது. பிஸ்மி கூறி நாள்தோறும் நானே தேன் இட்டேன். கட்டுப் போட வேண்டும் என்று ஒரு மருத்துவர் முதலாண்டிலேயே கூறினார். வசனம் ஓதத் தெரிந்த எனக்கு, தேன் இருக்கக் கட்டு எதற்கு என்று தோன்றியது. அதை ஈமானின் உறுதி என்றும் எண்ணிக்கொண்டேன். ஆறாம் ஆண்டில், உறவினர் வற்புறுத்தலால் கட்டுப் போட்டோம். நான்கு மாதங்களில் புண் மூடிற்று. தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏன் வாப்பா, இந்தக் கட்டை அன்றைக்கே போட்டிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார்கள். தொழுகையில் நிற்க இயலாமல் அவர்கள் அமர்ந்தே கழித்த ஆறு ஆண்டுகளுக்கு என்னிடம் விடையில்லை. தேன் அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை. தேனைச் சாக்கிட்டு மற்றொரு மருந்தைத் தடுத்த என் அரைகுறை அறிவே தீங்கு செய்தது.

ஆதலின் நம் இல்லத்துப் பெரியோர் எவருக்கேனும் காற்புண் இரண்டு வாரங்களில் ஆறத் தொடங்கவில்லையெனில், மருத்துவரிடம் காட்டுக. எல்லாக் காற்புண்ணும் சிரைப்புண் அன்று. நீரிழிவாலும், காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடுவதாலும் புண் வருவதுண்டு. தமனி அடைபட்ட காலை இறுக்கிக் கட்டினால் கால் கெடும். எனவே இரத்த ஓட்டத்தை அளந்து பார்த்த பின்னரே கட்டுதல் வேண்டும். புண் ஆறிய பிறகும் அழுத்தக் காலுறையை விடலாகாது. புண்ணில் தேன் இடுவதாயின், சமையலறைப் புட்டித் தேனை இடாமல், கிருமி நீக்கி மருத்துவத்திற்கெனவே ஆக்கிய தேனை மருத்துவர் சொற்படி இடுக. தேனை உண்பதையும், அதை அருளியவனுக்கு நன்றி கூறுவதையும் எச்சோதனையும் தடுக்கவில்லை.

அர்-ராஸீயும் இப்னு ஸீனாவும் வைத்துச் சென்ற துலாக்கோல் இன்று பிறர் கையில் இருக்கின்றது. அதில் நிறுக்கப்படுவதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அது நம் வீட்டுப் பொருளும்தான். நோயைத் தந்து மருந்தையும் தந்த வல்ல நாயன், எது எதற்குப் பொருந்தும் என்று தேடும் அறிவையும், அறிந்ததை உரிய காலத்தில் ஏற்கும் பணிவையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.